கல்லறைச் சுண்ணாம்பும் ஒரு கோல்கீப்பரும்

கிட்ட வந்து உக்காருங்க. தள்ளி உக்காந்தா பாதிக் கதை காத்துல போயிடும், மீதிப் பாதியை வெச்சுக்கிட்டு நாளைக்கு நீங்க வேற கதை சொல்லிட்டுத் திரிவீங்க. காலை மடக்குங்க, பின்னால வர்றவங்களுக்கும் இடம் விடுங்க. ரெண்டு பெரிய கடலுக்கு நடுவுல இடுப்புச் சிறுத்துப்போன ஒரு தேசத்துல, ஒரு ஃபுட்பால் சீசன்ல நடந்தது இது.

அந்தத் தேசத்தின் கிழக்குக் கரையில், ஆறு கடலில் விழுகிற இடத்தில், பார்ரா சியேகா என்று ஓர் ஊர். முன்பக்கம் ஆறு, பின்பக்கம் கடல், மற்ற ரெண்டு பக்கமும் முதலை வாயைப் பிளந்துகொண்டு வெயில் காயும் சதுப்பு. ரோடு கிடையாது. போக வர எல்லாம் படகுதான். ஊருக்கு ஒரு கோயில், ஒரு ஐஸ் ஃபேக்டரி, ஒரு ஃபுட்பால் மைதானம். ஊருக்குள் முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும் என்பதால் செத்தவர்களுக்கு மட்டும் ஆற்றின் அக்கரையில் மேட்டு நிலம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்லறை மேட்டைத் தாண்டினால்தான் பஸ் வரும் ரோடு. அதனால் அந்த ஊரை விட்டு வெளியே போகிற எவனும், உயிரோடு போனாலும் சரி பிணமாகப் போனாலும் சரி, ஒரே துறையில்தான் படகேற வேண்டும்.

இத்தனூண்டு ஊர் எப்படியோ தேசத்தின் முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டு, வெளியூர் ஆட்டத்துக்கு மோட்டார் லாஞ்சு கொடுத்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஐஸ் ஃபேக்டரி முதலாளி தோன் எவரிஸ்தோ. பெரிய மனுஷர் பேருக்கு முன்னால் அங்கே தோன் போடுவார்கள், பெண் என்றால் தோன்யா. அவர் நல்ல மனுஷர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரிலுள்ள மற்றவர்களும் நல்லவர்கள்தான். இந்தக் கதையில் வந்த தொந்தரவெல்லாம் அந்த நல்லவர்களால் வந்ததுதான்.

அந்தத் தேசத்தில் சீசனை ரெண்டாக வெட்டி வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் தொடங்கும் முன்பாதிக்குத் திறப்பு என்று பேர், ஜனவரியில் தொடங்கும் பின்பாதிக்கு அடைப்பு என்று பேர். ரெண்டையும் கூட்டிப் பார்த்துக் கடைசியில் நிற்கிறவனை ரெண்டாம் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த வருஷம் திறப்பில் பாதி ஆட்டங்கள் முடிந்தபோது பார்ரா சியேகா கடைசியில் நின்றது, கடைசிக்கும் கொஞ்சம் கீழே என்றுகூடச் சொல்லலாம்.

கோல்கீப்பர் பேர் நிகனோர். பந்து வந்தால் முகம் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக ஓடுவான், அதனால் ஊரில் அவனை நண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. வருகிற பந்தில் பாதியைப் பிடிப்பான், மீதிக்கு வருத்தப்படுவான். அவன் பெண்டாட்டி ஒத்திலியா அந்த ஊர்க்காரி இல்லை. மேற்குக் கரையில், மலைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். வந்து நாலு வருஷம் ஆகியும் ஊர்க்காரர்கள் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. திறப்பு முடிந்ததும் நிகனோர் பந்தை விட்டுவிட்டு அவளோடு மேற்குக் கரைக்குப் போய்விடுவது, அங்கே மச்சானின் லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்வது, பிள்ளை அவள் அம்மா வீட்டில் பிறப்பது என்று ரெண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள்.

நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே அக்கரைக்குப் போய்க் கல்லறைகளுக்கு வெள்ளையடித்தது, பூ வைத்தது, அழுதது, சாப்பிட்டது. அந்த ஊரில் ஒரு வழக்கம். கல்லறைக்கென்று நீர்த்த சுண்ணாம்பு மிஞ்சினால் அங்கேயே கொட்டிவிட வேண்டும், இக்கரைக்குக் கொண்டுவரக் கூடாது. அதுக்கு வேலை உள்ளே இருப்பவனை உள்ளேயே வைப்பது, வேறு வேலை அதுக்குத் தெரியாது என்பார்கள். அந்த வருஷம் ஒரு மூட்டை மிஞ்சியது. மறுநாள் மைதானத்தில் ஆட்டம். கோடு போடும் சிரியாக்கோ வடக்குப் பெனால்டி கட்டத்துக்குப் போட்ட கையோடு சுண்ணாம்பு தீர்ந்துபோய் நின்றான். தோன் எவரிஸ்தோ பொருள் வீணாவதைப் பார்க்கச் சகிக்காதவர்.

“ஒரு மூட்டை சும்மாதானே கெடக்கு? செத்தவங்க என்ன கணக்கா கேக்கப் போறாங்க? எடுத்து அடி.”

சிரியாக்கோ தெற்குக் கட்டத்துக்கு அதைத்தான் போட்டான். ஈரம் காயுமுன்னே ஆட்டம் தொடங்கிவிட்டது.

ரெண்டாம் பாதியில் நிகனோர் தெற்குக் கட்டத்தில் நின்றான். மற்றவர்கள் உள்ளே ஓடினார்கள், வெளியே ஓடினார்கள். அவன் மட்டும் விசில் ஊதியதிலிருந்து விசில் ஊதும்வரை கட்டத்தை விட்டு ஒரு எட்டு வெளியே வைக்கவில்லை. ஆட்டம் தோல்வி. எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள், அவனும் போகலாம் என்று கோட்டுக்கு வந்தான். கால் எழும்பவில்லை. வலி இல்லை, பிடிப்பு இல்லை. எழும்ப வேண்டும் என்கிற சங்கதியே காலுக்கு மறந்துபோயிருந்தது. கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தான், அங்கேயும் மறந்துபோனது. மூலைக்கு மூலை சுற்றிவந்து, கடைசியில் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, பெண்டாட்டி வரும்வரை காத்திருந்தான்.

ஒத்திலியா வந்தாள். கையைப் பிடித்து இழுத்தாள். மரத்தை இழுத்த மாதிரி இருந்தது.

“என்ன நிக்கா, விளையாடறியா?”

“வெளையாட்டெல்லாம் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு, ஒத்தி. வீட்டுக்கு வரணும்னுதான் நிக்கிறேன்.”

ஊர் கூடியது. யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. போன வருஷம் சதுப்பில் ஒரு பசு மாடு ஒரு வாரம் மறைந்து பிறகு கன்றோடு கோயிலுக்குள் இருந்து வந்தது, அதையும் இப்படித்தான் பார்த்தார்கள். சாமியார் வந்து தண்ணீர் தெளித்தார். மருந்துக்கடைக்காரர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, கால் நல்ல கால் என்றார். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தோன்யா பஸ்குவாலா, அக்கரையிலிருந்து அதற்காகவே படகேறி வந்தவள், கோட்டைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, “இது எங்க சுண்ணாம்பு. ஒரு பொட்டு விடாம சுரண்டி எடுங்க, விட்டுடும். எடுத்ததை எங்கிட்டக் கொண்டாந்து கொட்டுங்க” என்றாள்.

“அவ்வளவுதானா? செஞ்சுடலாம்,” என்றார் தோன் எவரிஸ்தோ. “ஞாயித்துக்கிழமை இங்கேயே இன்னொரு ஆட்டம் இருக்கு. கோட்டைச் சுரண்டினா தரை கெட்டுடும். அது முடிஞ்ச கையோட சுரண்டிப்புடுவோம். மகனே, ஒரு வாரந்தானே?”

நிகனோரும் ஒரு வாரந்தானே என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை அப்புறம் எத்தனை தடவை நினைத்து நொந்துகொண்டானோ, அவனுக்குத்தான் தெரியும்.

அந்த வாரம் அவனுக்கு வேறு வேலை இல்லை. காலையில் கண் விழித்தால் கம்பம், மத்தியானம் கம்பம், சாயங்காலம் கம்பம். எந்த இடத்தில் பந்து குத்தினால் எப்படித் துள்ளும், எந்தப் புல் வழுக்கும், எந்தக் காற்று பந்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பதெல்லாம் அவனுக்கு உள்ளங்கை ரேகையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்த அணி தேசத்திலேயே பெரிய அணி. பாதி ஆட்டத்தில் பக்கம் மாற ஊர் மறுத்துவிட்டது. அவர்கள் அடித்த பந்தெல்லாம் நிகனோர் கைக்கு வீட்டுக்கு வருகிற கோழி மாதிரி வந்து சேர்ந்தது. பார்ரா சியேகா ஜெயித்தது. அந்தச் சீசனில் முதல் ஜெயிப்பு.

அன்று சாயங்காலம் ஊரே கட்டத்துக்குள் வந்து அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. சுரண்டும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒத்திலியா எடுத்தாள்.

“கண்டிப்பா, அம்மாடி,” என்றார் தோன் எவரிஸ்தோ. “திறப்பு முடியட்டும்.”

திறப்பு முடிந்தது. வெளியூரில் ரொட்டிக்கடைக்காரர் பையன் கோலில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டு வருவான், உள்ளூரில் நிகனோர் எல்லாவற்றையும் பிடிப்பான். வெளியூர் அணிகள் புகார் செய்தன. தலைநகரத்திலிருந்து சம்மேளனத்து ஆள் ஒருத்தர் குடையும் அளவு நாடாவுமாக வந்தார். கட்டத்தை அளந்தார். நிகனோரின் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்து, தன் சட்டைப் பொத்தானை இழந்தார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டி, கோல்கீப்பர் பெனால்டி கட்டத்துக்குள் இருப்பது தப்பு என்று எங்கேயும் சொல்லவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால் இந்த மனுஷன் எதிரி கோலுக்குள் நிற்பானே என்று கேட்டதற்கு, பார்ரா சியேகா மைதானத்தில் இனிமேல் பக்கம் மாறத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, கொடுத்த இறால் சூப்பைக் குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஊர் அவனுக்குக் குடித்தனம் அமைத்துக் கொடுத்தது. கோல் வலைக்கு மேல் கொசுவலை கட்டினார்கள். மழைக்குத் தகரம் போட்டார்கள், ஆட்ட நாளில் கழற்றி வைப்பார்கள். கட்டில் வந்தது, அடுப்பு வந்தது, பின்பக்கம் ஒரு மறைப்பு வந்தது. அம்பட்டர் செவ்வாய்க்கிழமை வருவார், சாமியார் சனிக்கிழமை வருவார். முறை போட்டுக்கொண்டு சூப்பு கொண்டுவந்தார்கள், ஆமை சூப்பு, வாழைக்காய் சூப்பு, தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் சூப்பு. சூப்புச் சட்டியோடு வருகிறவர்கள் கட்டிலில் உட்கார்ந்து தங்கள் கஷ்டத்தையெல்லாம் சொல்லுவார்கள், எழுந்து போகாத ஒருத்தனிடம் பேசுவதில் ஒரு சுகம் இருந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையை அவனிடம் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை பார்த்தால் அவனிடம் காட்டிவிட்டுப் போனார்கள். தேர்தல் வந்தபோது ஓட்டுப் பெட்டியையே கட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு வந்து அவன் ஓட்டை வாங்கிப் போனார்கள். எல்லாரும் கோட்டைத் தாண்டி வருவார்கள், எல்லாரும் கோட்டைத் தாண்டிப் போவார்கள். அவர்கள் கால் எழும்புவதை நிகனோர் பார்த்துக்கொண்டே இருப்பான். கோட்டுக்கு மேலே செருப்பு எவ்வளவு லேசாகப் போகிறது என்று அவனைத் தவிர அந்த ஊரில் ஒருத்தரும் கவனித்ததில்லை.

கம்பத்தில் ஏறி நின்றால் அவன் வீட்டுக் கூரை தெரியும். சாயங்காலம் அதிலிருந்து புகை எழும்பும். ஒத்திலியா இப்போது எண்ணெயில் வெங்காயம் போடுகிறாள், இப்போது அரிசி கொதிக்கிறது, இப்போது இறக்கிவிட்டாள் என்று புகையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். இறக்கி வைத்ததை அவள் கட்டத்துக்குக் கொண்டுவருவதற்குள் ஆறிப்போயிருக்கும்.

ஜனவரியில் அடைப்பு தொடங்கியது. ஒத்திலியா பொறுத்துப் பார்த்தாள், யாரும் சுரண்ட வரவில்லை. ஒரு மத்தியானம், ஊர் உண்டு உறங்குகிற வேளையில், வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து வெட்டுக்கத்தியால் கோட்டைச் சுரண்டத் தொடங்கினாள். மூணில் ஒரு பங்கு சுரண்டுவதற்குள் சிரியாக்கோ கண்டுவிட்டான். யாரும் அவளை வையவில்லை. பெண்கள் வந்து கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டார்கள், வயிற்றுப்பிள்ளைக்காரி இப்படிக் குனியலாமா என்று கண்ணீர் விட்டார்கள், ஒரு கோழியையும் கையில் கொடுத்து வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். சிரியாக்கோ மிச்சச் சுண்ணாம்பிலிருந்து எடுத்துச் சுரண்டிய இடத்தில் மறுபடியும் போட்டான். அன்றிலிருந்து ரெண்டு பேர் நாற்காலி போட்டுக் கோட்டோரம் உட்கார்ந்தார்கள். நண்டுக்குப் பேச்சுத்துணைக்காம்.

நிகனோரும் ஒரு வழி பார்த்தான். ஓர் ஆட்டத்தில் வேண்டுமென்றே ஒரு பந்தை விட்டான். விட்டுவிட்டுக் கேலரியைப் பார்த்தான், ஒரு வசவாவது விழாதா என்று. கேலரி முழுக்க எழுந்து நின்று அவனுக்காகக் கைதட்டியது.

“பாவம், தூங்கல போல,” என்றாள் ஒருத்தி.

“தலகாணி கல்லு மாதிரி இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்,” என்றான் இன்னொருத்தன்.

மறுநாள் இலவம்பஞ்சுத் தலகாணி வந்தது. பந்தை விட்டால் இன்னும் அன்பு கூடும் என்று தெரிந்துகொண்ட நிகனோர், அப்புறம் எந்தப் பந்தையும் விடவில்லை.

மார்ச்சில் பிள்ளை பிறந்தது. மேற்குக் கரையில் இல்லை, தெருக்கோடியில், அவன் கம்பத்தில் ஏறினால் தெரிகிற அதே கூரைக்குக் கீழே. அவன் ஏறி நின்றுகொண்டிருந்தான். புகை வந்தது, நின்றது, வெந்நீர் வைத்ததற்கு மறுபடியும் வந்தது. பிள்ளை அழுத சத்தம் காற்று திரும்பியபோதுதான் வந்து சேர்ந்தது. அவன் கம்பத்திலிருந்து இறங்கி, கோட்டுக்குப் போய், காலைப் பார்த்து, “இன்னிக்கு ஒரு நாளைக்காவது” என்றான். காலுக்கு நினைவு வரவில்லை.

ஊர் விடுமா? பாண்டு வாத்தியத்தோடு பிள்ளையை ஊர்வலமாகக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தது. பெண் பிள்ளை. ஞானஸ்நானமும் கட்டத்திலேயே நடந்தது. தோன் எவரிஸ்தோதான் ஞானத்தகப்பன். தொட்டிலை அவரே ஐஸ் ஃபேக்டரி தச்சனிடம் சொல்லிச் செய்துகொண்டு வந்து, இடது கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டார்.

“இங்கேயே கெடக்கட்டும், அப்பன் பக்கத்துல. இப்பல்லாம் பொம்பளப் பிள்ளைகளும் ஆடுதுங்களே! கட்டத்துலேயே வளர்ந்த கோல்கீப்பர் ஒருத்தி நமக்குக் கிடைச்சா, அப்புறம் எவன் நம்மள அசைக்கறது?” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பக்கம் சிரியாக்கோ அடுத்த ஆட்டத்துக்காகக் கோட்டின்மேல் ஈரச் சுண்ணாம்பை ஊற்றிக்கொண்டே வந்தான்.

ஒத்திலியா சிரிக்கவில்லை. பிள்ளையைத் தொட்டிலிலிருந்து வெடுக்கென்று தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றாள். அவள் முகத்தை அப்படி நிகனோர் பார்த்ததில்லை. சுண்ணாம்பு காய்ந்து முடிகிறவரை அவள் பிள்ளையை உள்ளே கொண்டுவரவேயில்லை.

“ஏன்?” என்று எல்லாரும் போனபிறகு கேட்டான்.

“நான் அக்கரைக்குப் போய்ப் பஸ்குவாலாகிட்ட ஒண்ணு கேட்டேன், நிக்கா. அத்தனை பேர் கட்டத்துல ஓடினாங்களே, உன்னை மட்டும் ஏன் பிடிச்சதுன்னு.”

“நான் கோல்கீப்பர். அதான் பிடிச்சது. ஊரே அப்படித்தானே சொல்லுது?”

“ஊர் சொல்லும். ஊர் யாரையாவது கேட்டுச்சா? அது கோல்கீப்பரைப் பிடிக்கிற சுண்ணாம்பு இல்ல. ஈரத்துலேர்ந்து காயறவரைக்கும் கோட்டைத் தாண்டாம உள்ளேயே இருக்கிறவங்க யாராயிருந்தாலும் பிடிக்கும். கல்லறைக்குள்ள இருக்கிறவங்க எழுந்து உலாத்துறாங்களா என்ன?”

நிகனோர் தொட்டிலைப் பார்த்தான். பிறகு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரெண்டு பேருக்கும் கேட்காதபடி, “எப்பாடு பட்டாவது பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிடு. என்னைப் பாக்காதே” என்றான்.

“போடா,” என்றாள் ஒத்திலியா.

அடைப்பில் பார்ரா சியேகா உள்ளூரில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ரெண்டாம் டிவிஷன் பயம் எங்கேயோ போய், ஊர் ஃபைனலுக்கே வந்துவிட்டது. தலைநகரத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் ரொட்டிக்கடைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்ததில் ஆட்டம் சமன். ரெண்டாவது ஆட்டம் பார்ரா சியேகாவில். ஜெயித்தால் கோப்பை. கோப்பை கிடைத்தால் அக்கம்பக்கத்துத் தேசங்களின் சாம்பியன்கள் எல்லாம் அடுத்த சீசனில் இந்த மைதானத்துக்கே வந்து ஆடுவார்கள். தோன் எவரிஸ்தோ அதற்குள்ளாகவே கட்டத்தில் செங்கல் சுவர் வைத்து ஓர் அறை கட்டுவது பற்றிக் கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தார். அன்று நிகனோர் சூப்பைத் தொடவில்லை. கட்டிலில் படுத்துத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபைனலுக்கு டிவிக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் ஊர் கூட்டம் போட்டது. ஒத்திலியா எழுந்து, கேலரி கறுத்துக் கிடக்கிறதே, சுற்றி ஒரு வெள்ளைக் கோடாவது போட்டால் பார்க்க லட்சணமாக இருக்குமே, நானே போடுகிறேன் என்றாள். ஊருக்குக் கண் கலங்கிப்போனது. கடைசியில் இவளும் நம்மவளாகிவிட்டாள் என்று ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள்.

“ஆனா சுண்ணாம்பு துறைமுகத்துலேர்ந்துல்ல வரணும், தோன் எவரிஸ்தோ,” என்றாள். “லாஞ்சு ஒரு நடை போய் வரணும்.”

“எதுக்கு? அந்த மூட்டையில பாதி கெடக்கே ஐஸ் ஃபேக்டரியில!”

“கல்லறைச் சுண்ணாம்பாச்சே?” என்று யாரோ இழுத்தார்கள்.

“கேலரியில கோல்கீப்பரா உக்காந்திருக்கான்?” என்றார் தோன் எவரிஸ்தோ. கூட்டம் சிரித்துக் கலைந்தது.

ஃபைனல் நாளில் ஊரில் ஒரு பூட்டும் பூட்டவில்லை, ஏனென்றால் திருடனும் கேலரியில்தான் இருந்தான், கோட்டோரம் நாற்காலி போட்டிருந்த ரெண்டு பேரும் அங்கேதான். நடக்க முடியாத கிழவர்களைச் சுமந்துகொண்டு வந்தார்கள். அடுப்பில் வைத்ததை அப்படியே வைத்துவிட்டு வந்தார்கள். எதிரணிக்காக வந்த ஒரு கூட்டம் மட்டும் ஆற்றோரம் தங்கள் படகுக் கூரையிலேயே நின்று பார்த்தது. தேசிய கீதம் தொடங்கியது. அந்தத் தேசத்துக் கீதம் நீளம், போர் வரும், எரிமலை வரும், கொடியின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பாட்டு வரும், முடிகிறவரை தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அந்த நேரம் ஒத்திலியா கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கேலரியைச் சுற்றி வந்தாள், அவசரப்படாமல், ஓர் இடத்தில்கூட விட்டுப்போகாமல். ஈர வெள்ளைக்கோடு முழுச் சுற்றும் சுற்றி வந்து தொடங்கின இடத்தில் சேர்ந்தது. அப்போது எரிமலை முடிந்து கொடி ஆரம்பித்திருந்தது.

வழக்கமாக அவள் கோலுக்குப் பின்னால் நிற்பாள். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரம் கழித்து நிகனோர் திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. பிள்ளையும் இல்லை. போய்விட்டாள், நான் சொன்னதைக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தான். ஆற்றுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் பந்துக்குத் திரும்பினான். ரெண்டாம் பாதியில் பார்க்கும்போது, முழங்கை வரை ஈரமாக, அவள் மட்டும் பழைய இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பார்ரா சியேகா ஒரு கோல் போட்டது. கேலரியில் இருந்து எவனும் ஒன்றுக்குக்கூட எழுந்து போகவில்லை, ஃபைனல் ஆச்சே. கடைசி நிமிஷத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. நிகனோர் கோட்டில் நின்றான். இதை விட்டால் கோப்பை கைநழுவலாம், கோப்பை இல்லாவிட்டால் செங்கல் அறை இல்லாமலும் போகலாம். விட்டுவிடு, விட்டுவிடு என்று மனசு சொன்னது. பந்து வந்தது, கை போய்ப் பிடித்துக்கொண்டது. கையைப் பார்த்து அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. விசில் ஊதியது.

ஊர் ஒரு கத்துக் கத்தியது பாருங்க, சதுப்பில் முதலையெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. அவனைத் தோளில் தூக்க எல்லாரும் கேலரியிலிருந்து விழுந்தடித்து இறங்கி ஓடி வந்தார்கள். வந்தவர்கள் வெள்ளைக் கோட்டில் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்கள்மேல் விழுந்தார்கள். பாண்டுக்காரன் ஊதுகுழலை வாயில் வைத்தபடியே காலைப் பார்த்தான். சாமியார் காலைப் பார்த்தார். அந்த முகங்களில் ஏறிய பாவனை என்னவென்று அங்கே ஒருத்தனுக்குத்தான் தெரிந்தது, நிகனோருக்கு.

“ஒத்திலியா!” என்று தோன் எவரிஸ்தோ கூப்பிட்டார். “அம்மாடி, என்ன காரியம் செஞ்சே?”

“நீங்க கொடுத்த சுண்ணாம்புதான், ஞானத்தகப்பனே.”

“சுரண்டச் சொல்லு! ஆட்டக்காரப் பசங்களா, சுரண்டுங்கடா!”

“சுரண்டட்டும்,” என்றாள். “ஆனா ரெண்டும் ஒரே மூட்டை. முந்திப் பிடிச்சதை முந்தி விடணும். கட்டத்துக் கோட்டுல ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் கேலரிக் கோடு விடாது. பஸ்குவாலா சொன்னா.”

கேலரியிலிருந்து ஒரு குரல், யார் குரல் என்று கடைசிவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, “கட்டத்தை விட்டுட்டு நம்மளை மட்டும் எப்படியாவது...” என்று ஆரம்பித்தது. அந்தக் குரலுக்குப் பக்கத்திலிருந்த பெண்பிள்ளை அவன் தொப்பியைப் பிடுங்கித் தூர எறிந்தாள்.

“என் அடுப்புல பால் இருக்கு! சுரண்டுங்கடா, கட்டத்தை முதல்ல சுரண்டுங்கடா!”

ஆட்டக்காரர்கள் கட்டத்துக்கு ஓடினார்கள். பூட்ஸால் சுரண்டினார்கள், கரண்டியால் சுரண்டினார்கள், கேப்டன் ஜெயித்த கோப்பையின் மூடியால் சுரண்டினான். சுரண்டியதையெல்லாம் ஒத்திலியா மூட்டையில் வாரினாள். கடைசிப் பொட்டை நகத்தால் எடுத்தாள். நிகனோர் கோடு இருந்த இடத்துக்கு வந்து நின்றான். கால் எழும்பியது. அந்தப் பக்கம் வைத்தான். புல் இந்தப் பக்கத்துப் புல் மாதிரியேதான் இருந்தது. அதுவே அவனுக்கு விசித்திரமாக இருந்தது.

“நீங்க கேலரிக் கோட்டைச் சுரண்டிக்கிட்டு இருங்க, நாங்க இதை அக்கரையில கொட்டிட்டு வந்துடறோம்,” என்று கேப்டனிடம் சொல்லிவிட்டு ஒத்திலியா மூட்டையைத் தூக்கினாள். கேலரிக் கோடு சின்னக் கோடு இல்லை. ஆட்டக்காரர்கள் குனிந்து வேலையில் இறங்கினார்கள்.

துறைக்கு ரெண்டு பேரும் நடந்தார்கள். நிகனோருக்கு நேராக நடக்க வரவில்லை, கொஞ்ச தூரம் போனதும் தானாகவே வந்த பக்கம் திரும்பி நடக்கப் பார்த்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளை?”

“காலையிலேயே அக்கரையில. பஸ்குவாலாகிட்ட.”

படகில் ஏறினான். உட்கார இடமில்லை. படகு நிறையத் துடுப்பு, மீன்படகுத் துடுப்பு, சாமியார் படகுத் துடுப்பு, சிரியாக்கோவின் உடைந்து கம்பி கட்டிய துடுப்பு, ஊரிலுள்ள அத்தனை துடுப்பும். அதன்மேலேயே உட்கார்ந்து வலித்தான். நடு ஆற்றுக்கு வந்தபோது கேட்டான்.

“முந்திப் பிடிச்சதை முந்தி விடணும்னு பஸ்குவாலா உன்கிட்ட எப்ப சொன்னா?”

“பஸ்குவாலா அப்படி ஒண்ணும் சொல்லலியே,” என்றாள் ஒத்திலியா.

அப்போது பின்னால் சத்தம் எழுந்தது. கேலரி விட்டுவிட்டது. ஊர் துறைக்கு ஓடி வருவது கேட்டது, மகனே, நண்டு, மகனே என்று அன்போடு கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள், வெறும் படகுகளில் ஏறினார்கள், இறங்கினார்கள். தோன் எவரிஸ்தோ, “லாஞ்சு! லாஞ்சைக் கெளப்புங்கடா!” என்று கத்துவது தண்ணீருக்கு மேலே தெளிவாக வந்தது. நிகனோரின் கை நின்றுவிட்டது. ஒத்திலியா அவனைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து மரப்பிடி வைத்த ஒரு கயிற்றை எடுத்தாள். லாஞ்சு மோட்டாரைச் சுண்டிக் கிளப்புகிற கயிறு அது. அதைப் பிள்ளைத் துணி மூட்டையைச் சுற்றி ரெண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, நுனியைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள்.